கற்பனைச் சண்டைன்னாலும் எந்த வருஷம், எத்தனை ரவுண்டுன்னு சொல்லுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழமை நம்ம பேப்பர்ல ஸ்போர்ட்ஸ் பக்கம் முழுக்க ஹெவிவெயிட் பாக்ஸிங் பத்தி போட்டிருந்தீங்க, முகமது அலியும் மைக் டைசனும் மோதினா யாரு ஜெயிப்பாங்க, அம்பதுகள்ல சாம்பியனா இருந்த ராக்கி மார்சியானோவை இந்தக் காலத்து டைசன் ஃப்யூரி கூட எறக்கி விட்டா என்ன ஆவும்னு. கிரிக்கெட்டைத் தவிர வேற எதுக்கும் கால் பக்கம் கூட கெடைக்காத காலத்துல பாக்ஸிங்குக்கு ஒரு முழுப் பக்கம் குடுத்தீங்களே, அதுக்கே மொதல்ல உங்களுக்கு நன்றி சொல்லணும். முத்தியால்பேட்டையில நாங்க டீ குடிக்கிற கடையில அந்தப் பக்கம் மத்தியானம் வரைக்கும் கை மாறிக்கிட்டே இருந்துச்சு, காலேஜ் பசங்கள்லேர்ந்து பென்ஷன் வாங்குற பெருசுங்க வரைக்கும் ஆளுக்கு ஒண்ணு சொல்லி ஒரே சத்தம். ஆனா முடிவுன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அலியை டைசன் மூணாவது ரவுண்டுல சாய்ச்சுடுவாரு, மார்சியானோ ஒரு ரவுண்டு கூட தாங்க மாட்டாரு, அந்தக் காலத்து சாம்பியன் ஜோ லூயிஸ் இப்ப ஆடுனா டாப் டென்லயே வர மாட்டாருன்னு, அதுக்கெல்லாம் காரணம் ஒரே வரி, இன்னிக்கி இருக்கறவங்க ஒசரமும் ஜாஸ்தி வெயிட்டும் ஜாஸ்தின்னு. அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல சார், அதான் எழுதறேன்.

கற்பனைச் சண்டையே வேணாம்னு நான் சொல்ல வரல. பாக்ஸிங் பாக்கறவங்க யாரும் அதைப் போட்டுப் பாக்காம இருக்க மாட்டாங்க, வடசென்னையில பரம்பரை பரம்பரையா குத்துச்சண்டை போட்ட தெருவுங்கள்ல இன்னிக்கும் பெருசுங்க உக்காந்து அந்தக் காலத்து ஆளையும் இந்தக் காலத்து ஆளையும் மோத விட்டுக்கிட்டுதான் இருக்காங்க. நான் கேக்கறது என்னன்னா, எந்த வருஷத்து ஆளை எறக்கறீங்க, எத்தனை ரவுண்டு, எந்த ரூல்ஸ், எந்த க்ளவுஸ், இதெல்லாம் சொல்லாம முடிவை மட்டும் சொன்னா அதை எப்படி ஏத்துக்கறது. அதோட, காலத்தைத் தாண்டி நெசமாவே ரிங்குல மோதுனவங்க இருக்காங்க, அந்தச் சண்டையெல்லாம் ரெக்கார்டுல இருக்கு, வீடியோ இருக்கு, அதுல ஒண்ணைக்கூடத் தொடாம ஒசரத்தையும் எடையையும் வச்சே முடிவு கட்டிட்டீங்க.

பக்கத்துக்குக் கீழே சின்ன எழுத்துல 'கம்ப்யூட்டர் கணிப்பு'ன்னு ஒரு வரி இருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு 1967தான் ஞாபகம் வந்துச்சு. அமெரிக்காவுல மயாமியில முர்ரே வொரோனர்னு ஒரு ரேடியோ தயாரிப்பாளர், என்சிஆர் 315ங்கற கம்ப்யூட்டர்ல பழைய சாம்பியன் புது சாம்பியன்னு 16 பேரோட கணக்கை ஏத்தி, ஒருத்தரோட ஒருத்தரை மோத விட்டு, முடிவை நெசமான சண்டை மாதிரி கமெண்ட்ரியோட ரேடியோவுல போட்டாரு. ஃபைனல்ல பழைய சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியை ஜெயிச்சு மார்சியானோ சாம்பியன். அலி என்ன ஆனாருன்னா கால் இறுதியிலயே ஜிம் ஜெஃப்ரீஸ் கிட்ட தோத்துட்டாருன்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு, ஜெஃப்ரீஸ் 1899லேர்ந்து 1905 வரைக்கும் சாம்பியனா இருந்தவரு. வியட்நாம் போருக்கு வர மாட்டேன்னு சொன்னதால அலிக்கு பெல்ட்டும் போயி லைசென்ஸும் போயி சண்டையே இல்லாம வீட்டுல உக்காந்திருந்த நேரம் அது, அந்த நேரத்துல இப்படி ஒரு தோல்வியைத் தலையில கட்டினா யாருக்குதான் கோவம் வராது, பேரைக் கெடுத்துட்டாங்கன்னு பத்து லட்சம் டாலர் கேட்டு கேஸ் போட்டாரு. கேஸ் கடைசியில சமாதானமா முடிஞ்சுது, பத்தாயிரம் டாலர் வாங்கிக்கிட்டு மார்சியானோ கூட ஒரு சண்டைப் படத்துல நடிக்க ஒத்துக்கிட்டாரு.

1969ல அந்தப் படத்தை எடுத்தாங்க. சாம்பியனாவே ரிட்டையர் ஆகி 13 வருஷம் ஆன மார்சியானோ ஒடம்பைக் கொறைச்சு, தலையில விக் வச்சுக்கிட்டு வந்து நின்னாரு, ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமா எழுவது ரவுண்டுக்கு மேல ஆடுனாங்க, முடிவை மட்டும் பல விதமா எடுத்து வச்சுக்கிட்டாங்க, எது தியேட்டர்ல ஓடும்னு அவங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. ஷூட்டிங் முடிஞ்சு மூணே வாரத்துல, ஆகஸ்ட் 31ந் தேதி, ஒரு சின்ன விமானம் விழுந்து மார்சியானோ செத்துப் போனாரு, மறுநாள் அவருக்கு 46வது பொறந்த நாள். 1970 ஜனவரியில படம் வந்தப்ப அமெரிக்காவுல ஓடுனதுல 13வது ரவுண்டுல மார்சியானோ நாக்அவுட், ஐரோப்பாவுல காட்டுனதுல அலி ஜெயிச்சாரு. எடுத்தது ஒரே சண்டை, முடிவு மட்டும் ஊருக்கு ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு நாம என்ன ஊட்டறோமோ அதைத்தான் அது திருப்பித் தரும் சார், அன்னிக்கும் அப்படித்தான் இன்னிக்கும் அப்படித்தான், ஒசரமும் எடையும் மட்டும் ஊட்டினா ஒசரமானவன் ஜெயிச்சான்னுதான் சொல்லும்.

சரி, இப்ப அலி-டைசனுக்கு வரேன். எந்த அலி?

எங்க பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்துல சொல்தாவா இருந்து பென்ஷன் வாங்கினவரு, பாக்ஸிங்னா உயிரு. 1980 ஆரம்பத்துல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட காட்சிச் சண்டை போட்டாரு, எம்ஜிஆர் கூட வந்து பாத்தாரு, பெரியப்பா பாண்டியிலேர்ந்து பஸ் புடிச்சுப் போயி கூட்டத்துல நசுங்கி பாத்துட்டு வந்தாரு. வந்து வீட்டுல சொன்னாரு, ஆளு தங்கம்டா, சிரிப்பு ஒண்ணே போதும், ஆனா இடுப்பு பெருத்துடுச்சு, காலு நின்னுபோச்சுன்னு. அவர் பாத்தது சரிதான்னு அதே வருஷம் அக்டோபர் 2ந் தேதி லாஸ் வேகாஸ்ல தெரிஞ்சுபோச்சு, லேரி ஹோம்ஸ் கிட்ட பத்து ரவுண்டு குத்து வாங்கி, அதுக்கு மேல போவ வேணாம்னு அலியோட கார்னர்ல இருந்த அவரோட ஆளுங்களே நிறுத்திட்டாங்க, 61 சண்டையில அலி முழுசா முடியறதுக்கு முன்னாடி நிறுத்தப்பட்டது அந்த ஒரு தடவைதான். அந்த 38 வயசு அலியை டைசன் கூட விட்டீங்கன்னா மூணு ரவுண்டு என்ன, அதுக்கு முன்னாடியே முடிஞ்சுடும், நானே ஒத்துக்கறேன்.

ஆனா 1966 நவம்பர் 14ந் தேதி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல க்ளீவ்லாண்ட் வில்லியம்ஸ் கூட ஆடுன அலியைப் பாருங்க சார், செல்போன்லயே இருக்கு, தயவுசெஞ்சு சவுண்டை அணைச்சுட்டு காலை மட்டும் பாருங்க. கை ரெண்டும் இடுப்புக்குப் பக்கத்துல தொங்குது, முகத்துக்கு காவலே இல்ல, வில்லியம்ஸ் ஒரு அடி முன்னாடி வரும்போதே அலி பின்னாடி சறுக்கிப் போயிடறாரு, போற போக்குலயே ஒரு ஜாப், அதாவது முன்னாடி இருக்கற கையால நேரா ஒரு குத்து, போட்டு கூடவே ஒரு ரைட்டும் போட்டுட்டுப் போறாரு, பின்னாடி போய்க்கிட்டே ஒரு ஆளைக் கீழே தள்ளற அளவுக்கு குத்துறதை ஹெவிவெயிட்ல வேற யார் கிட்டயும் நான் பாத்ததில்ல. மூணாவது ரவுண்டுல சண்டை முடிஞ்சுடுது. அந்த அலிக்கு வயசு 24. அதுக்கப்புறம் 1967 மார்ச்சுலேர்ந்து 1970 அக்டோபர் வரைக்கும் ரிங்கே கெடையாது, ஒரு பாக்ஸரோட நல்ல வயசுல மூணரை வருஷம் போச்சு. திரும்பி வந்தவரு வேற ஆளு, காலு முன்ன மாதிரி இல்ல, அதுக்குப் பதிலா தாடையும் மூளையும் வச்சு ஆடுனாரு, 1974ல கின்ஷாசாவுல ஜார்ஜ் ஃபோர்மேனை கயித்துல சாஞ்சு நின்னே களைச்சுப் போக வச்சு எட்டாவது ரவுண்டுல சாய்ச்சது அந்த ரெண்டாவது அலி. ஆக மூணு அலி இருக்காங்க, நீங்க எறக்குனது யாருன்னு பக்கத்துல எங்கயுமே இல்ல.

டைசனுக்கும் அதே கேள்விதான். 1986 நவம்பர் 22ல ட்ரெவர் பெர்பிக்கை ரெண்டு ரவுண்டுல முடிச்சு 20 வயசுலயே சாம்பியன் ஆனாரு, 1988 ஜூன்ல மைக்கேல் ஸ்பின்க்ஸை 91 செகண்டுல முடிச்சாரு, அந்த டைசனை நெனச்சா இன்னும் ஒடம்பு சிலிர்க்குது. ரெண்டு வருஷம் கூட ஆகல, 1990 பிப்ரவரியில டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ் கிட்ட பத்தாவது ரவுண்டுல விழுந்தாரு. எப்படி விழுந்தாருன்னுதான் முக்கியம், டக்ளஸ் ஒசரமான ஆளு, நீளமான ஜாப், முதல் ரவுண்டுலேர்ந்து அதை நிறுத்தவே இல்ல, டைசன் தலையை ஆட்டி உள்ள வர்றதுக்கு வழியே குடுக்கல. ஒசரம், நீள ஜாப், பயம் இல்லாத மனசு, இது மூணும் அலி கிட்டயும் இருந்துச்சு, கூடவே காலும் இருந்துச்சு.

அதுக்காக டைசனுக்கு வாய்ப்பே இல்லன்னு சொல்ல மாட்டேன். அலிக்கு ஒரு ஓட்டை இருந்துச்சு, லெப்ட் ஹூக், எதிராளி இடது கையை வளைச்சு பக்கவாட்டுல விடற குத்து. 1963ல லண்டன் வெம்ப்ளியில ஹென்றி கூப்பர் ஒரு லெப்ட் ஹூக்ல அலியைக் கீழே உக்கார வச்சாரு, நாலாவது ரவுண்டு முடியற நேரம், பெல் அடிச்சதால தப்பிச்சாரு. 1971 மார்ச் 8ல ஜோ ஃப்ரேசியர் 15வது ரவுண்டுல அதே லெப்ட் ஹூக்ல மல்லாக்க விழ வச்சாரு, ஆனா பாருங்க, விழுந்த வேகத்துலயே அலி எழுந்து நின்னுட்டாரு, தாடை வீங்கிப் போயி இருக்கு, அப்பவும் அந்த ரவுண்டை முடிச்சுட்டுதான் போனாரு. ஃப்ரேசியர் டைசனை விட லேசான ஆளுதான், ஆனா 15 ரவுண்டும் மூச்சு வாங்காம அழுத்திக்கிட்டே வர்றவரு, டைசன் அஞ்சு ஆறு ரவுண்டு தாண்டினா வேகம் கொறையும். அதனால என் கணக்கு, 1966 அலியும் 1988 டைசனும்னா முதல் நாலு ரவுண்டு ரெண்டு பேர்ல யாரு வேணா விழலாம், அதைத் தாண்டிட்டா அலி, ஒம்போது பத்து ரவுண்டுக்கு மேல நிறுத்திடுவாங்க இல்லன்னா பாயிண்டுல அலி.

எத்தனை ரவுண்டுங்கறது சும்மா சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. அந்தக் காலத்துல டைட்டில் சண்டைன்னா 15 ரவுண்டு. 1982ல தென் கொரியாவோட டுக் கூ கிம், ரே மன்சினி கூட ஆடி 14வது ரவுண்டுல விழுந்து கொஞ்ச நாள்ல செத்துப் போனாரு, அந்தப் பாவப்பட்ட பையன் சாவுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு சங்கமா 12 ரவுண்டுக்கு மாறுனாங்க. மாறுனது நல்லதுதான், உயிரு பெருசு. ஆனா கணக்கு மாறிப்போச்சு. 1941 ஜூன்ல ஜோ லூயிஸ் கூட மோதுன பில்லி கான் 12 ரவுண்டு முடிஞ்சப்ப பாயிண்டுல முன்னாடி இருந்தாரு, 13வது ரவுண்டுல நாக்அவுட் பண்ணித்தான் லூயிஸ் பெல்ட்டைக் காப்பாத்துனாரு. 1952 செப்டம்பர் 23ல ஃபிலடெல்ஃபியாவுல மார்சியானோவை முதல் ரவுண்டுலயே கீழே தள்ளி, 12 ரவுண்டு முடியறப்ப மூணு ஜட்ஜோட அட்டையிலயும் ஜெர்சி ஜோ வால்காட்தான் முன்னாடி, 13வது ரவுண்டுல கயித்துப் பக்கத்துல மார்சியானோவோட ஒரே ஒரு சின்ன ரைட், வால்காட் ஒரு கை கயித்துல மாட்டிக்கிட்டு அப்படியே முட்டி போட்டு சரிஞ்சாரு. இன்னிக்கி ரூல்ஸ்ல ஆடியிருந்தா ரெண்டுலயும் முடிவே வேற, மார்சியானோ அன்னிக்கி சாம்பியனே ஆயிருக்க மாட்டாரு, 49 சண்டை 49 வெற்றிங்கற ரெக்கார்டும் இருந்திருக்காது.

ரூல்ஸ்னு சொன்னா இன்னும் ஒண்ணு. 1919 ஜூலை 4ல ஜாக் டெம்ப்ஸி ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டுலயே ஏழு தடவை தள்ளுனாரு, வில்லார்ட் ஆறரை அடி, 111 கிலோ, டெம்ப்ஸி 85 கிலோ. ஆனா அப்ப விழுந்தவன் தலைமாட்டுலயே நிக்கலாம், எழுந்திரிக்க எழுந்திரிக்க குத்தலாம். 1927ல ஜீன் டன்னி கூட மோதினப்ப, தள்ளுன ஆளு நியூட்ரல் கார்னருக்கு, அதாவது ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூலைக்குப் போனாதான் எண்ண ஆரம்பிப்பாங்கன்னு ரூல்ஸ் வந்திருந்துச்சு, டெம்ப்ஸி பழைய பழக்கத்துல அங்கயே நின்னாரு, அந்த நேரத்துல டன்னிக்கு கூடுதலா சில செகண்டு கெடைச்சு எழுந்து கடைசியில சண்டையையும் ஜெயிச்சாரு. டெம்ப்ஸியை இன்னிக்கி ஆளு கூட எறக்கறதுன்னா எந்த ரூல்ஸ்ல எறக்குவீங்கன்னு சொல்லணும்ல. க்ளவுஸும் அப்படித்தான், இப்ப ஹெவிவெயிட்டுக்கு 10 அவுன்ஸ், அந்தக் காலத்துல அதைவிடச் சின்னது, பஞ்சு கம்மி.

இப்ப எடை விஷயம். இதுல உங்க பக்கம் சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு. மார்சியானோ 84 கிலோ, இன்னிக்கி ஹெவிவெயிட்டுக்குக் கீழ இருக்கற க்ரூசர்வெயிட்டுக்கே 90.7 கிலோ வரைக்கும் போவலாம், அப்படிப் பாத்தா மார்சியானோவும் டெம்ப்ஸியும் ஹெவிவெயிட்டே கெடையாது. மார்சியானோ அஞ்சு அடி பத்து அங்குலம், ஃப்யூரி ஆறு அடி ஒம்போது அங்குலம், ரெண்டு பேருக்கும் நடுவுல ஏறக்குறைய ஒரு அடி, எடையில ஏறக்குறைய 35 கிலோ. மார்சியானோ ஜெயிப்பாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ரவுண்டு கூட தாங்க மாட்டாருன்னு எழுதுனீங்களே, அதான் வலிக்குது. வாழ்நாள்ல ரெண்டே தடவை கீழே விழுந்த ஆளு, ரெண்டு தடவையும் எழுந்து நாக்அவுட்ல ஜெயிச்ச ஆளு. ஃப்யூரியை 2013ல நியூயார்க்ல ஸ்டீவ் கன்னிங்ஹாம் கீழே தள்ளுனாரு, அவரு க்ரூசர்வெயிட்டுலேர்ந்து வந்தவரு. ஒசரமானவனைத் தள்ள ஒசரம் வேணும்னு எந்தச் சட்டமும் இல்ல.

அதுக்கு உயிரோட சாட்சி உக்ரைன் ஒலெக்சாண்டர் உசிக்தான் சார். க்ரூசர்வெயிட்ல எல்லா பெல்ட்டையும் வாங்கிட்டு ஹெவிவெயிட்டுக்கு வந்தவரு, 2024 மே 18ல ரியாத்ல ஃப்யூரியை ஜெயிச்சாரு, அன்னிக்கி உசிக் 101 கிலோ, ஃப்யூரி 119 கிலோ, ஒம்போதாவது ரவுண்டுல ஃப்யூரி கயித்துலேர்ந்து கயித்துக்கு ஆடி விழப் போனாரு, ரெஃப்ரி எண்ணுனாரு. டிசம்பர்ல ஃப்யூரி 127 கிலோவா ஏறி வந்தாரு, அப்பவும் உசிக்தான். எடைதான் எல்லாம்னா அந்த ரெண்டு ராத்திரியும் நடந்திருக்கவே கூடாது. 1935ல ஜோ லூயிஸ் 89 கிலோவுல ப்ரீமோ கார்னேராவை ஆறு ரவுண்டுல முடிச்சாரு, கார்னேரா ஏறக்குறைய 118 கிலோ. 2008ல ஏழு அடி 140 கிலோ வல்யூயெவ் கூட 46 வயசு ஹோலிஃபீல்டு 12 ரவுண்டு ஆடி பாயிண்டுல தோத்தாரு, பாத்தவங்க நெறைய பேரு ஹோலிஃபீல்டுதான் ஜெயிச்சாருன்னு சொன்னாங்க. பாண்டிக்காரங்க நாம பிரெஞ்சுக்காரரு ஜார்ஜ் கார்பான்தியேவை மறக்கக் கூடாது, லைட் ஹெவிவெயிட் ஆளு, 1921ல டெம்ப்ஸி கூட நின்னு நாலாவது ரவுண்டுல விழுந்தாரு, அதுல எடை வேலை செஞ்சுது, இல்லன்னு சொல்லல. எடை எங்க வேலை செய்யும்னா ரெண்டு பேருக்கும் வித்தை சமமா இருக்கற எடத்துல, வித்தையில ஏத்தத்தாழ்வு இருந்தா எடை அப்புறம்தான்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமேதான். காலம் விட்டுக் காலம் மோதுறது கற்பனையா மட்டும் இருக்க வேண்டியதில்ல, நடந்திருக்கு. டெம்ப்ஸி கூடவும் லூயிஸ் கூடவும் மோதுனவரு ஜாக் ஷார்கி. லூயிஸை 1951ல மார்சியானோ எட்டாவது ரவுண்டுல சாய்ச்சாரு, மார்சியானோ 1955ல கடைசியா ஜெயிச்சது ஆர்ச்சி மூரை, அதே மூர் 1962ல அலி கிட்ட நாலாவது ரவுண்டுல விழுந்தாரு, அலியை 1980ல ஹோம்ஸ், ஹோம்ஸை 1988ல டைசன், டைசனை 2002ல லென்னாக்ஸ் லூயிஸ், லென்னாக்ஸ் 2003ல விட்டாலி க்ளிட்ச்கோவை வெட்டுக்காயத்துல நிறுத்த வச்சு ஜெயிச்சாரு, விட்டாலி 2012ல டெரெக் சிசோராவை, சிசோரா 2020ல உசிக் கூட மோதித் தோத்தாரு. டெம்ப்ஸியிலேர்ந்து உசிக் வரைக்கும் நூறு வருஷம் அறுபடாம கை மேல கை பட்டு வந்திருக்கு சார். நம்ம நாட்டு ஆளு கூட அதுல தொட்டுக்கிட்டு நிக்கறாரு, பஞ்சாப் கௌர் சிங் 1980ல டெல்லியில அலி கூட நாலு ரவுண்டு காட்சிச் சண்டை ஆடுனாரு, ரெண்டு வருஷம் கழிச்சு ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்குனாரு.

அந்தச் சங்கிலியில வயசானவரு தோத்துக்கிட்டே வர்றாரே, அப்ப புது ஆளுதான பெட்டர்னு கேப்பீங்க. ஜோ லூயிஸுக்கு அன்னிக்கி 37, அலிக்கு 38, ஹோம்ஸுக்கு 38, டைசனுக்கு 36 ஆவப் போவுது. அதெல்லாம் வயசு தோத்தது, காலம் தோத்ததுன்னு சொல்ல முடியாது. காலத்தை அளக்கணும்னா வயசான பழைய ஆளு நல்ல வயசுல இருக்கற புது ஆளை ஜெயிச்ச சண்டையைப் பாக்கணும், அது ரெண்டு இருக்கு. 1992ல 42 வயசு ஹோம்ஸ் ரே மெர்சரை ஜெயிச்சாரு, மெர்சர் 1988 ஒலிம்பிக்ஸ் தங்கம், அது வரைக்கும் தோத்ததே இல்ல, ஹோம்ஸ் கார்னர்ல சாஞ்சு நின்னுக்கிட்டு, வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு, அந்தப் பழைய ஜாப்பை வச்சே 12 ரவுண்டும் ஓட்டிட்டாரு.

இன்னொண்ணு 1994 நவம்பர் 5. ஃபோர்மேனுக்கு 45 வயசு, எதிர்ல மைக்கேல் மூரர், 26 வயசு, தோல்வியே இல்லாத சாம்பியன், அந்த வருஷம்தான் ஹோலிஃபீல்டை ஜெயிச்சிருந்தாரு. 1974ல கின்ஷாசாவுல அலி கிட்ட தோத்த அன்னிக்கி போட்டிருந்த அதே செவப்பு ட்ரவுசரை ஃபோர்மேன் போட்டுக்கிட்டு வந்தாரு, அன்னிக்கி அலி கார்னர்ல நின்ன ஏஞ்சலோ டண்டீ இன்னிக்கி ஃபோர்மேன் கார்னர்ல. ஒம்போது ரவுண்டு மூரர் குத்திக்கிட்டே இருக்காரு, ஃபோர்மேன் முகம் வீங்கிப் போச்சு, எல்லா ஜட்ஜும் மூரர் பக்கம். பத்தாவது ரவுண்டுல ஃபோர்மேன் ஒரு ஜாப், கூடவே ஒரு ரைட், அது லேசா பட்டுது, மூரர் நவுரல, திரும்ப அதே ஜாப் அதே ரைட், கையை பெருசா ஓங்கவே இல்ல, ஒரு முழம் தூரம் கூட போயிருக்காது, மூரர் மல்லாக்க விழுந்து வாயில ரத்தத்தோட மேல பாத்துக்கிட்டுக் கெடக்காரு, பத்து எண்ணி முடிச்சாச்சு. ஃபோர்மேன் கார்னர்ல போயி முட்டி போட்டு சாமி கும்புட்டாரு. 1973ல ஃப்ரேசியரை கிங்ஸ்டன்ல ஆறு தடவை தள்ளுன ஃபோர்மேனுக்கு இருந்த வேகத்துல பாதி கூட இந்த ஃபோர்மேனுக்கு இல்ல, இருந்தும் 90கள்ல சாம்பியன். அப்ப அந்த 1973 ஃபோர்மேனை 90கள்ல விட்டிருந்தா என்ன நடந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. பழைய ஆளுங்க இன்னிக்கி டாப் டென்ல வர மாட்டாங்கன்னு எழுதறதுக்கு முன்னாடி இந்த ஒரு சண்டையைப் பாத்திருக்கலாம்.

ஜோ லூயிஸ் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். 1937லேர்ந்து 1949 வரைக்கும் சாம்பியன், 25 தடவை பெல்ட்டைக் காப்பாத்துனவரு, 1941 ஒரே வருஷத்துல மட்டும் ஏழு டைட்டில் சண்டை. இன்னிக்கி சாம்பியன் வருஷத்துக்கு ரெண்டு ஆடுனா பெருசு. 1936ல தன்னை 12வது ரவுண்டுல சாய்ச்ச ஜெர்மனி மேக்ஸ் ஷ்மெலிங்கை 1938ல முதல் ரவுண்டுலயே முடிச்சவரு. உசிக் கூட லூயிஸைப் போட்டா என்ன ஆவும்னு எனக்கு ஒரு பதில் இருக்கு, 12 ரவுண்டுன்னா காலை வச்சு உசிக், 15 ரவுண்டுன்னா லூயிஸ், அவரு ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு தடவை சிக்குனா போதும், விடமாட்டாரு. இதுக்கு மறுப்பு சொல்றவங்க சொல்லட்டும், பேசலாம், ஆனா டாப் டென்ல வர மாட்டாருன்னு மட்டும் சொல்லாதீங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறும் இந்தப் பகுதி வரும்னு போட்டிருக்கீங்க. பேரு போன சாம்பியனுங்களையே திரும்பத் திரும்ப மோத விடாம, சண்டையே மறுக்கப்பட்டவங்களுக்கு அந்த எடத்தைக் குடுங்க. சாம் லாங்ஃபோர்டு 1906ல ஜாக் ஜான்சன் கூட 15 ரவுண்டு ஆடித் தோத்தாரு, ஜான்சன் சாம்பியன் ஆனப்புறம் லாங்ஃபோர்டுக்கு மறுபடி வாய்ப்பே குடுக்கல, ஹெவிவெயிட் டைட்டிலுக்கு ஒரு தடவை கூட ஆடாமலே கண்ணு போயி ரிட்டையர் ஆனாரு. ஹாரி வில்ஸ், டெம்ப்ஸி கூட சண்டைன்னு கையெழுத்து வரைக்கும் போயி கறுப்பருங்கற ஒரே காரணத்துக்காக நடக்காம போச்சு, 1915ல ஜான்சன் தோத்ததுலேர்ந்து 1937ல லூயிஸ் வர்ற வரைக்கும் 22 வருஷம் எந்தக் கறுப்பருக்கும் ஹெவிவெயிட் டைட்டிலுக்கு ஆட எடமே குடுக்கல. வில்ஸ்-டெம்ப்ஸி போடுங்க, 15 ரவுண்டு, நியூட்ரல் கார்னர் ரூலோட. அப்புறம் க்யூபா டியோஃபிலோ ஸ்டீவன்சன், 1972, 1976, 1980 மூணு ஒலிம்பிக்ஸ் தங்கம், பல லட்சம் டாலர் குடுக்கறோம்னு கூப்பிட்டும் ப்ரொஃபெஷனலா ஆடவே போவல, அலி கூட மோத விட பேச்சுவார்த்தை நடந்து நின்னுபோச்சு. 1976ல மான்ட்ரியல்ல ஸ்டீவன்சன் முதல் ரவுண்டுல சாய்ச்ச ஜான் டேட், மூணே வருஷத்துல ப்ரொஃபெஷனல்ல உலக சாம்பியன் ஆனாரு, அதை வச்சு ஸ்டீவன்சன் எந்த லெவல்னு கணக்கு போட்டுக்கலாம். 1976 ஸ்டீவன்சன், 1976 அலி, 15 ரவுண்டுன்னு போடுங்க. நான் ஸ்டீவன்சன் பக்கம், அந்த வருஷத்து அலிக்கு காலு போயிடுச்சு, ஆறு அடி அஞ்சு அங்குலத்துலேர்ந்து வர்ற அந்த ரைட்டுக்கு பதில் இருக்காது. அலி பக்கம் நிக்கறவங்க எழுதுங்க, நீங்க அதையும் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.